கிளிப்பின் மறுமுனை எங்கே இருக்கிறது?

கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலை. அங்கே அலுவலகக் கட்டடத்தில் இருந்த கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெரிய சுவிட்சில் ஒரு லைன் கார்டு (கேபிள் சொருகும் போர்ட்டுகள் உள்ள பலகை) செத்துப்போய், புதியது மாட்டினார்கள். மூன்றே வாரத்தில் புதியதிலும் நாலைந்து போர்ட்டுகள் பிழை காட்ட ஆரம்பித்தன. அதை மாற்ற என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் மாட்டிய தம்பியும் கூட இருந்தார். "ஸ்ட்ராப் கட்டிட்டுத்தான் சார் மாட்டினேன்" என்றார். உடம்பில் ஏறும் நிலைமின்சாரத்தை எர்த்துக்கு இறக்கிவிடும் மணிக்கட்டுப் பட்டையைத்தான் சொன்னார். எப்படிக் கட்டினீர்கள், அதே மாதிரி ஒருமுறை கட்டிக் காட்டுங்கள் என்றேன். மணிக்கட்டில் பட்டையைச் சரியாகவே இறுக்கினார். வயரின் மறுமுனையில் இருந்த கிளிப்பை, சுவிட்ச் பொருத்தியிருந்த அலமாரியான ரேக்கின் கதவில் மாட்டினார். கதவு முழுக்கக் கறுப்புப் பெயின்ட்.

பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அந்தக் கிளிப்பைத் தன் சட்டைப் பையில் மாட்டியிருந்தாலும் ஒன்றுதான்.

கார்டு போனதற்கு அதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நிலைமின்சாரத்தின் தொல்லையே அதுதான், தடயம் விடாது. கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுரீர் என்று ஒரு அடி விழுகிறதே, அதை நாம் உணரவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். கார்டில் இருக்கும் சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டுக்குக் குறைவாகவே போதும். அதாவது நமக்குத் துளியும் தெரியாமல் கார்டைக் காயப்படுத்திவிடலாம். காயப்பட்ட சிப் உடனே சாகவேண்டும் என்பதில்லை. அன்றைக்குப் பச்சை விளக்கு எரியும், எல்லோரும் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போவோம். சில வாரமோ மாதமோ கழித்துத்தான் பிழைகள் தலைகாட்டும். அப்போது பழி உற்பத்தியாளர் மேல் விழும்.

நூற்பாலைக்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. காற்று காய்ந்தால் பஞ்சில் நிலைமின்சாரம் ஏறி, இழை ரோலரில் சுற்றிக்கொள்ளும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நூற்புக் கூடத்தில் ஈரப்பதத்தை ஏற்றி வைக்க ஒரு தனி அமைப்பே ஓடுகிறது. அதே வளாகத்தில் சர்வர் அறைக்குள் வந்தால் ஏசி இரவு பகலாக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்தக் காய்ந்த அறையில்தான் பெட்டியைப் பிரித்து, தெர்மோகோலையும் பிளாஸ்டிக் தாளையும் உருவிப் போட்டுவிட்டு, அதே கையால் கார்டை எடுக்கிறோம். தெர்மோகோல் எப்படிக் கையில் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டியை அறைக்கு வெளியே பிரியுங்கள். நிலைமின்சாரம் தாக்காமல் காக்கும் வெள்ளி நிற உறையோடு கார்டை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். கார்டு நுழையும் ஸ்லாட் தயாரான பிறகு உறையைத் திறந்தால் போதும்.

சரி, கிளிப்பை எங்கே மாட்டுவது? பெரும்பாலான சேஸிகளில் (கார்டுகள் நுழையும் சுவிட்சின் உலோகக் கூடு) இதற்கென்றே ஒரு சிறிய துளை, பக்கத்தில் கைப் படம் போட்ட குறியோடு இருக்கும். இல்லையென்றால் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். பட்டை தோலில் படவேண்டும், முழுக்கைச் சட்டையின் மேல் கட்டினால் பயனில்லை. ஸ்ட்ராப்புக்குள் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. நீங்கள் தவறி மின்சாரத்தில் கை வைத்தால் உடம்பு வழியே பெரிய கரன்ட் பாயாமல் தடுப்பது அதுதான். ஆகவே சாதாரண வயரைக் கையில் சுற்றிக்கொண்டு அதையே ஸ்ட்ராப் என்று நினைக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து. மல்டிமீட்டரில் ஸ்ட்ராப்பை அளந்தால் 1 முதல் 10 மெகா ஓமுக்குள் காட்டவேண்டும். பழைய ஸ்ட்ராப்புகளில் வயர் உள்ளுக்குள் அறுந்து கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பவரை நிறுத்திவிட்டு மாட்டவேண்டிய மாட்யூல் (கார்டு போல உள்ளே சொருகும் பகுதி) என்றால் பவர் கேபிளை உருவிவிடுவோம். உருவிய நொடியில் சேஸியின் எர்த்தும் போய்விடுகிறது, ஏனென்றால் பல இடங்களில் அந்தப் பிளக்கின் மூன்றாவது முள்தான் ஒரே எர்த். அப்புறம் ஸ்ட்ராப்பைச் சேஸியில் எவ்வளவு ஒழுங்காக மாட்டினாலும் சேஸியே அந்தரத்தில் நிற்கிறது. அதற்காகத்தான் சேஸியின் பின்பக்கம் எர்த் வயருக்கென்று தனியாகத் திருகு வைத்திருக்கிறார்கள். பச்சை வயரை அதில் முடுக்கி, ரேக்கின் எர்த் பட்டையில் சேருங்கள். மாட்டும்போது அதுதான் முதல் இணைப்பு, கழற்றும்போது கடைசி. பவர் கேபிள் இரண்டு இருந்தால் இரண்டையும் உருவினீர்களா என்றும் பாருங்கள்.

அந்த ஆலையில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பிளக் பாயின்டையும் அளந்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. பத்தைத் தாண்டினால் கார்டை உறையிலிருந்தே எடுக்கமாட்டேன். அங்கே பதினான்கு காட்டியது. ஆலை எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். வெயிலில் எர்த் குழி வறண்டு கிடந்தது, கிளாம்ப் துருப்பிடித்திருந்தது. கிளாம்பைச் சுரண்டி முடுக்கி, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் காத்திருந்தோம்.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் ஏன் நீளம்? முதலில் தொடவும் கடைசியில் விடவும்தான். சுவிட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்டக்கூடிய மாட்யூல்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. கனெக்டரில் எர்த் ஊசிகள் நீளமாக இருந்து முதலில் சேரும், பிறகு மற்றவை. அதனால் தயங்கித் தயங்கிப் பாதியில் நிறுத்தி நிறுத்தித் தள்ளக்கூடாது. கார்டின் இரு ஓரமும் தண்டவாளத்தில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒரே சீராகத் தள்ளி, இரண்டு நெம்புகோல்களையும் ஒன்றாக மடக்கவேண்டும். திருகைக் கையால் முடுக்குங்கள், பவர் டூல் வேண்டாம். இறுக்கமாக இருந்தால் தள்ளாதீர்கள். வெளியே எடுத்து, டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். கார்டுகள் போய்ச் சேரும் பின்பலகையான பேக்பிளேனில் ஒரே ஒரு ஊசி மடங்கினால்கூட சேஸியையே மாற்றவேண்டி வரலாம். ஒரு கார்டு வேலை, ஊழியர் எல்லோரையும் உட்காரவைக்கும் வேலையாகிவிடும்.

கையில் மோதிரம், வாட்ச் வேண்டாம். ஒளியிழைக் கேபிள் சொருகும் ஃபைபர் மாட்யூலின் துளைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாது என்பதால் இல்லை என்று ஆகாது. தூசி மூடியைக் கடைசி நொடியில்தான் கழற்றவேண்டும். சிங்கிள் மோடு ஃபைபரில் ஒளி போகும் நடுக்கரு ஏறக்குறைய 9 மைக்ரான்தான். பஞ்சுத் துகள் பறக்கும் ஊரில் கனெக்டரைத் துடைக்காமல் சொருகினால் இணைப்பு நிலைக்காது. காலி ஸ்லாட்டை மூடும் தகட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் காற்று குறுக்குவழியில் போய்விடும், பக்கத்துக் கார்டு சூடேறும்.

மாலை நாலு மணிக்கு மறுபடியும் அளந்தோம், இரண்டரை வோல்ட். இந்தமுறையும் கார்டை அந்தத் தம்பியே மாட்டினார். கிளிப்பை அவரே சேஸியின் துளையில் சொருகி, மீட்டரால் தன் விரலிலிருந்து எர்த் பட்டை வரை அளந்து பார்த்துவிட்டுத்தான் உறையைப் பிரித்தார். கழற்றிய பழைய கார்டை அதே உறையில் போட்டு, ஸ்லாட் எண்ணையும் தேதியையும் மேலே எழுதி ஒட்டினோம்.