தோல் செல் ஸ்டெம் செல்லா மாறுமா? மாறும், ஆனா காலைல எடுத்து சாயங்காலம் ஊசியா ஏறாது

பேஷண்டோட தோல் செல்லையோ ரத்த செல்லையோ எடுத்து ஐபிஎஸ் செல்லா, அதாவது உடம்போட எந்த செல்லாவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லா மாத்துறது தான் எங்க லேப்ல என் வேலை. இது தெரிஞ்சவங்க போன் பண்ணா பேச்சு கடைசில ஒரே எடத்துக்கு வந்துடும், "பையனுக்கு ஆட்டிசம், ஒரு கிளினிக்ல ஸ்டெம் செல் போட்டா சரியாயிடும்ங்கறாங்க, ஜப்பான்ல நோபல் வாங்குன அதே டெக்னிக்காம், பண்ணலாமா சார்?" நகைய அடகு வெக்க ரெடியா இருப்பாங்க. மனசு பதறுது. அதனால அந்த டெக்னிக் உண்மையில என்னன்னு சொல்லிடறேன்.

தோல் செல்லுக்குள்ளயும் மூளை செல்லுக்குள்ளயும் இருக்கிற டிஎன்ஏ ஒண்ணு தான், எந்த ஜீன் ஆன், எது ஆஃப்ங்கறதுல தான் வித்தியாசம். 1962லயே ஜான் கர்டன் தலைப்பிரட்டையோட குடல் செல் நியூக்ளியஸ தவள முட்டைக்குள்ள வெச்சு புதுசா ஒரு தலைப்பிரட்டைய வளர வெச்சாரு. முட்டையே இல்லாம இத பண்ண முடியுமான்னு கியோட்டோ யுனிவர்சிட்டில ஷின்யா யமனாகாவும் அவர் லேப்ல இருந்த கசுதோஷி தகாஹாஷியும் 24 ஜீன எடுத்து எலி செல்லுக்குள்ள மொத்தமா விட்டாங்க, வேலை செஞ்சுது, அப்புறம் ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்து 4ல வந்து நின்னாங்க: ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். 2006ல எலி, 2007ல மனுஷ செல், 2012ல கர்டனுக்கும் யமனாகாவுக்கும் சேத்து நோபல்.

இந்த நாலு ஜீனும் உருவாக்குற புரோட்டீன்கள் டிஎன்ஏ மேல போய் உக்காந்து தோலுக்கான ஜீன்கள மூடி, கருவுல ஆன்ல இருந்த ஜீன்கள திறக்கும். செல் பல தடவ பிரிஞ்சு பிரிஞ்சு பழைய அடையாளமெல்லாம் கழண்டாதான் இது நடக்கும், அவசரப்படுத்தவே முடியாது. நாங்க சென்டாய் வைரஸ் மூலமா ஜீன உள்ள அனுப்புறோம், அது டிஎன்ஏக்குள்ள போய் ஒட்டாது. முதல் வாரம் டிஷ்ல பெருசா ஒண்ணும் தெரியாது, செல் எல்லாம் நீள நீளமா அப்படியே கெடக்கும். மூணாவது வாரம் வாக்குல மைக்ராஸ்கோப்ல ஒரு மூலைல நெருக்கமா, தட்டையா, ஓரம் கத்தியால வெட்டுன மாதிரி ஒரு காலனி வரும், ஒவ்வொரு செல்லுலயும் முக்கால்வாசி நியூக்ளியஸ் தான் இருக்கும். டிஷ்ல இருந்த பெரும்பாலான செல் மாறவே மாறாது. அந்தக் காலனிய ஊசி நுனியால கிள்ளி வேற டிஷ்ல வெச்சு, தினம் மீடியா (செல் வளர்ற சத்து திரவம்) மாத்தணும், ஞாயித்துக்கிழமையும் சரி தீபாவளியும் சரி. வைரஸ் போயிடுச்சா, குரோமோசோம் சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணி முடிக்கறதுக்குள்ள மாசங்கள் ஓடிடும். 20வது குரோமோசோம்ல ஒரு துண்டு கூடிப் போறது அடிக்கடி பாக்குறது தான், அப்படி வந்தா அந்தக் காலனில இருந்து வளத்த செல்ல மொத்தமா தூக்கிப் போட்டுடுவோம்.

இன்னொண்ணு, ஐபிஎஸ் செல்ல அப்படியே யாருக்கும் போடவே கூடாது. எலிக்குள்ள போட்டா பல்லு, முடி, குருத்தெலும்பு எல்லாம் கலந்த கட்டி வரும், செல் நல்லா மாறிடுச்சான்னு பாக்கவே அத தான் டெஸ்டா வெச்சிருக்காங்க. சி-மிக் வேற கேன்சரோட தொடர்புள்ள ஜீன். அதனால விழித்திரை செல்லாவோ இதய செல்லாவோ முழுசா மாத்தி, மாறாதது ஒண்ணும் மிச்சம் இல்லன்னு உறுதி பண்ணிட்டு தான் போடணும். 2014ல ஜப்பான்ல கோபேல 70 வயசு தாண்டுன ஒரு அம்மாவுக்கு கண்ணுல அப்படி தான் வெச்சாங்க. ரெண்டாவது பேஷண்டோட செல்லுல மரபணு மாற்றம் தெரிஞ்சதும் ஆபரேஷனையே நிறுத்திட்டாங்க. எனக்கு அந்த நிறுத்தம் தான் பெரிய விஷயமா படுது.

இப்ப அந்த கிளினிக்குக்கு வாங்க. காலைல வயித்துக் கொழுப்பையோ எலும்பு மஜ்ஜையையோ எடுத்து மெஷின்ல சுத்தி அன்னைக்கே ஊசி போடறாங்க. யமனாகா டெக்னிக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃப்ளோரிடால 2015ல மூணு பெண்கள் காசு கட்டி இப்படி கொழுப்பு செல்ல ரெண்டு கண்ணுலயும் போட்டுக்கிட்டு பார்வைய இழந்தாங்க.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை மட்டும் தான் ஏற்கப்பட்ட வைத்தியம், மத்ததெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சின்னா சிடிஆர்ஐங்கற (CTRI) மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுல ரிஜிஸ்டர் ஆயிருக்கணும், பேஷண்ட்கிட்ட காசு வாங்கக் கூடாது. அந்த ரிஜிஸ்டர் நம்பரக் கேளுங்க, சைட்ல நீங்களே தேடிப் பாருங்க, பில்லு நீட்டுனா எழுந்து வந்துடுங்க.

இதப் படிச்சுட்டு தலசீமியாங்கற ரத்த நோய் இருக்கிற குழந்தைக்கு டாக்டர் சொன்ன எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைய வேணாம்னுடாதீங்க. அது வேற, மேல சொன்ன ஏற்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று அது தான், பல வருஷமா பண்ணிட்டிருக்கிற சிகிச்சை. தாமதம் பண்ணாம கூடப்பொறந்தவங்களுக்கு எச்எல்ஏ மேட்ச் (திசுப் பொருத்தம்) பாருங்க.