எதைக் கொடுத்தாலும் துப்புறா டாக்டர்

போன மாதம் ஒரு அம்மா பதினான்கு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டார். "எதைக் கொடுத்தாலும் துப்புறா டாக்டர், ரெண்டு வாய் சோறு இறங்க ஒரு மணி நேரம் ஆகுது, பக்கத்து வீட்டுக் குழந்தை இவளைவிட ரெண்டு மாசம் சின்னது, பாத்தா இவளுக்கு அக்கா மாதிரி இருக்கு." கூட வந்த மாமியார், தொக்கம் எடுத்தாச்சு, மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சு, பசிக்கு ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்க என்றார். குழந்தையோ என் மேசையில் இருந்த டார்ச்சை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எடை பார்த்தோம், 8.4 கிலோ. பிறந்தபோது 2.6. தடுப்பூசி அட்டையில் இருந்த எடைகளை எல்லாம் எடுத்து வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினேன். கோடு எங்கேயும் சரியவில்லை. ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 8.9 கிலோ, ஆனால் 7 கிலோவிலிருந்து 11.5 வரை எல்லாமே இயல்புதான். "இதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குப் போட்ட கணக்கு இல்லையா" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வரைபடம் இது, ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டது, அதில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு.

ஒரு வயதுக்கு மேல் குழந்தை சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதற்கு எளிமையான காரணம் இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் குழந்தை ஒரு நாளைக்கு 25, 30 கிராம் கூடும். பிறந்த எடை ஐந்தாவது மாதம் வாக்கில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. அதற்கப்புறம் வேகம் அப்படியே இறங்கிவிடும், இரண்டாவது வருடம் முழுக்க இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும், அதாவது மாதத்துக்கே 200 கிராம். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகத்தானே ஆக வேண்டும்? ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஆறாவது, ஏழாவது மாதத்தில் வாயைத் திறந்து திறந்து வாங்கிய குழந்தைதான் ஞாபகத்தில் இருக்கிறது.

இதைச் சொல்லி அவர்களை அனுப்பியிருக்கலாம். ஆனால் டார்ச்சைப் பிடித்திருந்த அந்த உள்ளங்கை வெளுத்திருந்தது. கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன், அங்கேயும் சிவப்பு இல்லை. என்ன சாப்பிடுகிறாள் என்பதை விட்டுவிட்டு என்ன குடிக்கிறாள் என்று கேட்டேன். காலையில் எழுந்ததும் ஒரு பாட்டில் பசும்பால், பத்து மணிக்கு ஒன்று, மதியம் சோறு துப்பிவிட்டாளே என்று ஒன்று, சாயங்காலம் ஒன்று, தூக்கத்தில் ஒன்று. கூட்டினால் 900 மில்லி. அதில் கிட்டத்தட்ட 600 கலோரி இருக்கிறது, அந்த எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 700க்குள்தான். வயிறு நிறைந்த குழந்தை சோற்றை ஏன் வாங்கும்?

பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அதோடு மற்ற உணவில் இருக்கும் இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் செய்துவிடும். இரும்பு குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும், பசியில்லை என்று அம்மா இன்னொரு பாட்டில் கலப்பார், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 7.8. இந்த வயதில் 11 இருக்க வேண்டும். இது அரிதான விஷயமே இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! எடை போதவில்லை என்று என்னிடம் வருபவர்களை எண்ணி முடியாது, குழந்தை வெளுத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் மிகவும் குறைவு. இத்தனைக்கும் மூளை வளர்கிற இந்த இரண்டு வருடத்தில் இரும்பு குறைவதுதான் எனக்குப் பெரிய பயம்.

பாலை 400 மில்லிக்குக் குறைக்கச் சொன்னேன், அதுவும் டம்ளரில். பாட்டில் வேண்டாம். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து மூன்று மாதத்துக்கு, பாலோடு சேர்க்காமல். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் நான்காவது நாள் மருந்தை நிறுத்திவிடுவார்கள். பாட்டி கேட்ட டானிக் மட்டும் எழுதவில்லை. பசி சிரப் என்று கடையில் கேட்டு வாங்குவதில் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின், அது அலர்ஜி மருந்து, தூங்கவைக்கும், இரண்டு வயதுக்குள் கொடுக்கக் கூடாது. தொக்கம் எடுப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், தொண்டையில் எதுவும் சிக்கியிருக்கவில்லை.

சாப்பாடு விஷயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, தண்ணீராகக் கொடுக்காதீர்கள் என்பதுதான். பருப்புத் தண்ணீர், ரசம் பிழிந்த சோறு, நீர்த்த கஞ்சி, இதெல்லாம் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, அந்த அளவுக்குக் கெட்டியாக, பருப்பையும் கீரையையும் சேர்த்து மசித்து, நெய் விட்டு, முட்டையோ மீனோ ஈரலோ வீட்டுப் பழக்கம் எதுவோ அதைச் சேர்த்துக் கொடுங்கள். ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணம் தாராளம். இரண்டு வேளைக்கு நடுவே இரண்டரை மணி நேரமாவது எதுவும் தராமல் விடுங்கள், பிஸ்கட்டும்தான். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் கையில், எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். அரை மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், செல்போனைக் காட்டி அது வாயைப் பிளந்து பார்க்கும் நேரத்தில் திணிப்பதும் வேண்டாம், அப்படிச் சாப்பிடும் குழந்தைக்குத் தன் பசியே தெரியாமல் போய்விடுகிறது. புது உணவைப் பத்து தடவை கொடுத்த பிறகுகூட ஏற்றுக்கொள்ளும், இரண்டாம் நாளே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

எடை இரண்டு மூன்று மாதமாக ஏறாமல் நின்றால், கோடு கீழே சரிந்தால், சாப்பிடும்போதெல்லாம் புரையேறினால், வாந்தியோ பேதியோ தொடர்ந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். ஒல்லியாக இருக்கிறது என்பது மட்டும் நோய் இல்லை. அப்பாவும் அம்மாவும் எப்படி இருக்கிறார்கள் என்றும் ஒருமுறை பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக ஒரு குழந்தை. பத்து மாதம், ஆண், பத்தரை கிலோ, கொழுகொழுவென்று இருந்தான். சளிக்காகத்தான் வந்தார்கள், வேறு எந்தக் கவலையும் அவர்களுக்கு இல்லை, வாக்கரில் வீடு முழுக்க ஓடுகிறான் என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். தரையில் உட்காரவைத்தேன், சாய்ந்து விழுந்தான். பிஸ்கட்டை நீட்டினால் வலது கையால் மட்டும் வாங்கினான், இடது பக்கம் நீட்டினாலும் வலது கைதான் குறுக்கே வந்தது. "இப்பவே சோத்துக்கைப் பழக்கம் டாக்டர், சொல்லிக் கொடுக்கவே இல்ல" என்றார் தாத்தா. ஒரு வயதுக்குள் குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுதான். ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் மற்ற கையில் பலம் இல்லை என்று அர்த்தம் இருக்கலாம். அவனுக்கு அப்படித்தான் இருந்தது, இடது கை கட்டைவிரல் எப்போதும் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கியிருந்தது.

நடப்பதில் அவசரம் வேண்டாம், எட்டு மாதத்தில் நடக்கும் குழந்தையும் உண்டு, பதினேழு மாதத்தில் நடப்பதும் உண்டு, தவழாமலே எழுந்து நடக்கும் குழந்தைகளும் உண்டு. ஆனால் மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்தில் தலை நிற்கவில்லை, ஒன்பதில் தானாக உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, தெரிந்ததை மறக்கிறது என்றால் குழந்தை எவ்வளவு குண்டாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாக்கர் எதற்கும் உதவாது, கனடா 2004இலேயே அதைத் தடைசெய்துவிட்டது.

அந்தப் பையனை அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே சிகிச்சை தரும் இடத்துக்கு அனுப்பினேன், அங்கே பிசியோதெரபி இலவசம். வாரம் மூன்று நாள் தாத்தாதான் பஸ்ஸில் தூக்கிப் போகிறார். பிஸ்கட்டை இப்போது இடது பக்கமாகத்தான் நீட்டுகிறாராம்.