உறைபனியிடம் வேலை வாங்கும் மலைக்கிராமங்கள்

"இன்ஸ்டன்ட் காபி செய்யும் முறையை, அதாவது உறைய வைத்து உலர்த்துவதை, இன்காக்கள் 500 வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நிஜமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி நிஜம். மிச்சப் பாதிதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஒரு காலத்தில் இன்காக்களின் பேரரசு இருந்த தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில், பெரு, பொலிவியா எல்லையில் டிட்டிகாக்கா ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஆல்ட்டிபிளானோ பீடபூமி நெடுக கெச்சுவா, அய்மரா மொழி பேசும் விவசாயிகளின் சிற்றூர்கள். சுடாத மண்கல்லில் கட்டிய வீடுகள், ஒட்டக இனத்து லாமா, ஆடு, கொஞ்சம் கினோவா தானியம், கொஞ்சம் பார்லி, மற்றபடி எல்லாம் உருளைக்கிழங்குதான். மழையை நம்பிய விவசாயம் என்பதால் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே மகசூல். ஒரு வருடம் மழை பொய்த்தாலோ ஆலங்கட்டி அடித்தாலோ பட்டினிதான். போன வருடக் கிழங்கை எடுத்து வைத்திருக்கலாமே என்றால், அது சில மாதங்களில் முளைவிட்டுச் சுருங்கிவிடும். இதற்கு அந்த மக்கள் கண்ட வழி சுன்யோ. இன்காக்களுக்கும் முந்தையது. கையில் எடுத்தால் கனமே தெரியாத, நன்றாகக் காய்ந்த கிழங்கு அது. ஈரம் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

ஜூன், ஜூலை மாதங்கள் அங்கே குளிர்காலம். மழையும் இருக்காது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். காரணம் பள்ளியில் படித்ததுதான். எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளிவிடுகிறது. காற்றில் உள்ள நீராவி அதை உறிஞ்சி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. 3,800 மீட்டரில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. நீராவி அதைவிடவும் சொற்பம். அதனால் மேகமில்லாத இரவில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையும் ஏறக்குறைய 100 வாட் வீதம் வானத்துக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும்.

தரை குளிர்ந்தால் அதை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால் மலைச்சரிவின் நடுப்பகுதியைவிட அடியில் இருக்கும் சமதரை சில டிகிரி அதிகமாகக் குளிர்கிறது. பயிருக்கு எமனான இடம் அது. ஆனால் சுன்யோ போட அதைவிட நல்ல களம் கிடையாது. பயிர் எங்கே பிழைக்கும், கிழங்கு எங்கே சீக்கிரம் உறையும் என்று தெரிந்து இடம் பிரிப்பதற்கு, தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் கவனித்திருக்க வேண்டும்.

சரி, களத்தில் பரப்பிய கிழங்குக்குள் என்ன நடக்கிறது?

"உறையும்போது நீர் விரிவடைகிறது, அதனால் செல்கள் வெடிக்கின்றன" என்றுதான் பலரும் சொல்வார்கள். நீர் உறைந்தால் கனஅளவு 9 சதவீதம் கூடுவது உண்மை. ஆனால் மெதுவாக உறையும் கிழங்கில் நடப்பது வேறு. கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு நீர். செல்லுக்குள் இருக்கும் நீரில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருக்கின்றன. செல்களுக்கு இடையே உள்ள நீர் அதைவிடத் தூய்மையானது. எனவே முதலில் உறைவது அதுதான். அங்கே ஒரு பனிப்படிகம் பிறந்துவிட்டால் செல்லுக்குள் இருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியே வந்து அந்தப் படிகத்தோடு சேர்கிறது. வெளியே படிகம் வளர வளர, உள்ளே செல் சுருங்குகிறது, மிஞ்சிய கரைசல் அடர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் சவ்வு தாங்க முடியாமல் குலைகிறது. குளிரில் சாவது போலத் தெரிந்தாலும், அந்தச் செல் உண்மையில் வறண்டுதான் சாகிறது! இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் போகவில்லை.

காலையில் வெயில் ஏறியதும் படிகம் உருகும். ஆனால் அந்த நீர் திரும்பிப் போகச் செல் இல்லை. சவ்வு போனபின் நீர் சும்மா அங்கே தேங்கி நிற்கிறது. கிழங்கைத் தொட்டால் நனைந்த பஞ்சை அழுத்துவது போலிருக்கும். சில இரவுகள் இப்படி உறைந்து உருகியதும், கிழங்கைச் சிறு குவியல்களாகக் குவித்து வெறுங்காலால் மிதிக்கிறார்கள். குதிகாலை லேசாகத் திருப்பித் திருப்பி மிதித்தால் தோல் வழுக்கிக் கழன்றுவிடும், விரல் இடுக்கில் பழுப்பு நீர் பிதுங்கும். அப்புறம் பல நாள் வெயிலில் காயவிட்டால் கறுத்த சுன்யோ தயார். எடை சுமார் ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

சிறு கிழங்குகளை ஒரே அடுக்காக ஏன் பரப்புகிறார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வாட் வீதம் 10 மணி நேரம் என்றால் சதுர மீட்டருக்கு 36 லட்சம் ஜூல். ஒரு கிலோ நீர் உறைய 3.34 லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். ஆக, ஓர் இரவில் அதிகபட்சம் சுமார் 11 கிலோ நீர்தான் உறையும். கிழங்கை முதலில் பூஜ்ஜியம் வரை குளிர்விக்கவும் வேண்டும், கீழிருந்து தரையின் சூடும் வரும் என்பதைச் சேர்த்தால் இன்னும் குறைவு. குவித்துப் போட்டால் அடியில் இருப்பது உறையவே உறையாது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த உயரத்தில் உறைபனியைத் தாங்கி வளரும் கிழங்கு வகைகள் கசப்பானவை. சொலனின், சக்கோனின் என்ற நச்சுகள் அவற்றில் அதிகம், வேகவைத்தாலும் போகாது. மிதிக்கும்போது வெளியேறும் நீரோடு ஒரு பகுதி போய்விடுகிறது. 'துந்தா' எனப்படும் வெள்ளை வகைக்கு, உறைந்த கிழங்கை ஓடும் ஆற்றில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு இன்னும் நன்றாகக் கழுவிவிடுகிறார்கள்.

இப்போது வாசகர் கேள்விக்கு வருகிறேன். தொழிற்சாலையில் வெற்றிடத்தில் பனிக்கட்டியை உருகவிடாமல் நேராக ஆவியாக்குகிறார்கள். பொருளின் உள்ளமைப்பு குலையக்கூடாது என்பதுதான் அங்கே நோக்கம். சுன்யோவில் நேரெதிர். தினமும் உருக வேண்டும், அமைப்பு குலைய வேண்டும், அப்போதுதான் மிதித்து நீரை வெளியேற்ற முடியும். குளிரும் உலர்த்தலும் இரண்டிலும் பொது, வழி வேறு. "இன்காக்களின் இன்ஸ்டன்ட் காபி" என்று சொல்வது அந்த மக்களின் சொந்த யோசனையைக் குறைத்துக் காட்டுவதாகவே எனக்குப் படுகிறது. 16ஆம் நூற்றாண்டில், இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்கங்களுக்குச் சுன்யோவைக் கொண்டுபோய் விற்றே ஸ்பானியர் பலர் பணக்காரர் ஆனதாக அக்கால வரலாற்றாசிரியர் சியெசா தே லியோன் எழுதியிருக்கிறார்.

இதே விவசாயிகள் ஜூன் 24 வாக்கில் விடியலுக்கு முன் எழுந்து கார்த்திகை விண்மீன்கூட்டத்தைப் பார்ப்பார்கள். மங்கலாகத் தெரிந்தால் அந்த வருடம் மழை குறையும் என்று உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிப்போடுவார்கள். மூடநம்பிக்கை என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2000இல் ஆர்லோவ், சியாங், கேன் ஆகிய மூவர் 'நேச்சர்' இதழில் இதற்கு விளக்கம் தந்தார்கள். பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் 'எல் நினோ' வருடங்களில் அந்த வானில் உயரத்தில் மெல்லிய மேகத்திரை கூடுகிறது, அதனால் விண்மீன்கள் மங்குகின்றன. அதே எல் நினோதான் பின்னால் மழையையும் குறைக்கிறது. நட்சத்திரத்தை வைத்துச் சொல்லும் எல்லாமே இப்படித் தேறாது. ராசிபலன்களைச் சோதித்தபோதெல்லாம் அவை தோற்றிருக்கின்றன. ஆகவே எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்கவோ தள்ளவோ வேண்டும்.

அளப்பதற்குத்தான் பணம் வருவதில்லை என்பது என் ஆதங்கம். பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது. சுன்யோவுக்குத் தேவையான உறைபனி இரவுகள் எந்த உயரத்தில் இனியும் கிடைக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அது பூஜ்ஜியத்துக்கு மேலே காட்டும்போதே தரை உறைந்திருக்கலாம். களத்திலேயே, புல்லை ஒட்டி, ஊருக்குப் பத்து மலிவான வெப்பமானிகளைச் சில வருடம் வைத்தாலே போதும். செயற்கைக்கோளுக்குச் செலவழிப்பதில் ஒரு துளிகூட ஆகாத இந்த வேலைக்குத்தான் முதலில் நிதி ஒதுக்க வேண்டும் என்பேன்.