குளிர் ஜாக்கெட் வாங்கப் போகிறீர்களா? நிற்கும் நேரத்தை நினைத்து வாங்குங்கள்

விடியற்காலை ஐந்தரை மணி. உத்தராகண்டில் கேதார்காந்தா மலை உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம் பாக்கி. மூச்சு வாங்கிக்கொள்ள எல்லாரையும் நிறுத்தியிருந்தேன். ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் பார்த்தால், ஒரு தம்பி மட்டும் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு நிற்கிறார். பல் கிடுகிடுக்கிறது.

“அண்ணா, பதினெட்டாயிரம் ரூபா ஜாக்கெட்டு இது. அப்புறம் ஏன்ணா இப்படிக் குளிருது?”

ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். துவைத்துப் பிழியாமல் போட்ட பனியன் போல இருந்தது. இரண்டரை மணிக்குக் கூடாரத்தை விட்டுக் கிளம்பும்போது மாட்டியதை அவர் கழற்றவே இல்லை. மூன்று மணி நேரம் செங்குத்தான ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டியிருக்கிறது. உள்ளே பருத்தி பனியன் வேறு. நடக்கிற வரைக்கும் தெரியவில்லை, நின்றதும் உடம்பு சில்லிட்டுப் போய்விட்டது.

காற்றுக்கு மறைவாக ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார வைத்து, ஈரமானதையெல்லாம் கழற்றி, காய்ந்த தெர்மல் (உடம்போடு ஒட்டிப் போடும் குளிர் உள்ளாடை) ஒன்றைப் போட்டுவிட்டோம். அதற்கு மேல், என் பையில் எப்போதும் கிடக்கும் பழைய சிந்தெடிக் ஜாக்கெட். வெந்நீர், இரண்டு கடலைமிட்டாய். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. சூரியன் எழும்போது அவரும் உச்சியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், என் ஜாக்கெட்டில்.

ஒன்பது குளிர்காலமாக இமயமலைக்குக் குழுக்களைக் கூட்டிப்போகிறேன். சென்னை, கோவை, மதுரையிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே வாட்ஸப்பில் கேள்வி வந்துவிடும்: “அண்ணா, எந்த ஜாக்கெட் வாங்கலாம்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டது. இனி இந்த லிங்கை அனுப்பிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். (ஜாக்கெட் என்றால் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பது என்று நினைத்துத் திறந்த அக்காக்கள் மன்னிக்கவும்.)

முதலில் ஒரு விஷயம். ஜாக்கெட்டுக்குள் அடுப்பு எதுவும் கிடையாது. சூடு உங்கள் உடம்பிலிருந்து வருகிறது. உள்ளே திணித்திருக்கும் பொருள், அசையாத காற்றைத் தன் இடுக்குகளில் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தச் சூடு வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்கிறது. இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டு அடித்தால் உப்பி வருமே, அந்த உப்பல்தான் குளிரைத் தடுப்பது. அமுங்கினால் காற்று போச்சு, காற்று போனால் சூடும் போச்சு. நனைந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

மலைக்குப் போகும் ஜாக்கெட்டில் திணிப்பு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று டவுன், அதாவது வாத்தின் இறகுக்கு அடியில் இருக்கும் மென்மையான தூவி. பழைய இலக்கியங்களில் அரசிகள் அன்னத்தூவி மெத்தையில் படுத்தார்கள் என்று வருகிறதே, அந்தத் தூவி. எடைக்கு எடை பார்த்தால் இதைவிடச் சூடானது கிடையாது. சுருட்டினால் கைக்குள் அடங்கும், பத்து வருடம் உழைக்கும். ஒரே ஒரு வியாதி, ஈரம் பட்டால் நனைந்த கோழி மாதிரி ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாகிவிடும். மலையில் அதைக் காயவைப்பது நடக்கிற காரியம் இல்லை.

இரண்டாவது சிந்தெடிக், மெல்லிய பாலியஸ்டர் இழைகள். 1980களில் அமெரிக்க ராணுவம், நனைந்தாலும் சூடு விடாத ஒரு பொருள் தூவிக்கு மாற்றாக வேண்டும் என்று கேட்டதிலிருந்து பிறந்ததுதான் பிரைமாலாஃப்ட். இன்று பல நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் இதே வகையைச் செய்கின்றன. பாலியஸ்டர் இழை தண்ணீரை உள்ளே இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், தன் எடையில் அரை சதவீதம்கூட இழுக்காது. பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே 7, 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். அதனால் சிந்தெடிக் நனைந்தாலும் அதன் உப்பல் முழுசாகச் சரியாது. பிழிந்து உதறிப் போட்டுக்கொண்டால் ஓரளவு சூடு இருக்கும், உடம்புச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தும்விடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் சிந்தெடிக்கைச் சொல்வதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. நாம் வியர்க்கிற ஜனம், அதோடு போகிற இடங்களும் ஈரமானவை. மழைக்காலத்தில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் காங்கரியாவில் தங்குவார்கள். சுமார் 3,000 மீட்டர் உயரம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே துணி காயவே காயாது. டிசம்பர் கேதார்காந்தாவில் மழை இல்லையென்றாலும், ஒரு கூடாரத்தில் மூன்று பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சு உள்பக்கத் துணியில் உறைந்து, விடியும்போது தலையில் உதிரும். தோளில் விழுந்த பனி, டீ குடிக்க உட்கார்ந்த பத்து நிமிடத்தில் உருகும். மலையில் ஈரம் என்றாலே மழைதான் என்று நினைக்க வேண்டாம்.

அதற்காக டவுன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லடாக்கில் ஜனவரியில் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்கிற சாதர் மாதிரி இடங்களில் ராத்திரி மைனஸ் 20க்கும் கீழே போகும், காற்றும் வறண்டது. அங்கே தடிமனான டவுன்தான் என் தேர்வு.

இனி கடைக்குப் போகலாம்.

ஜாக்கெட்டில் தொங்கும் விவரச் சீட்டில் பார்க்க வேண்டிய எண் ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டரில் எத்தனை கிராம் திணிப்பு என்பது அது. ஊட்டி அவலாஞ்சியில் ஜனவரி உறைபனிக்கோ, மன்னவனூரில் கூடாரம் போடவோ 60 தாராளம். கேதார்காந்தா போன்ற இடத்துக்குக் குளிர்காலத்தில் உடம்புப் பகுதியில் 100 முதல் 133 வரை இருக்கட்டும். கையில் கொஞ்சம் குறைவாக வைத்துத் தைப்பார்கள், அது சரிதான், கை வீச வசதி. 170க்கு மேல் என்றால் வெகுநேரம் அசையாமல் உட்காருகிறவர்களுக்கு. ஜி.எஸ்.எம். எதுவும் போடாமல் பளபளவென்று உப்பித் தொங்கும் ஜாக்கெட்டை நான் நம்புவதில்லை. இரண்டு தடவை துவைத்தால் திணிப்பு மொத்தமும் இறங்கிக் கீழ் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

‘மைனஸ் 10 வரை தாங்கும்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தூக்கப் பைகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 23537 என்று ஒரு தரம் இருக்கிறது, எந்த நிறுவனத்தின் பையையும் இன்னொன்றோடு ஒப்பிடலாம். ட்ரெக்கிங் ஜாக்கெட்டுகளில் எல்லாரும் பின்பற்றுகிற அப்படி ஓர் அளவு கிடையாது. அந்த மைனஸ் 10 நடக்கும்போதா நிற்கும்போதா, உள்ளே எத்தனை துணி, காற்று எவ்வளவு என்று சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள். காற்று சாமானியமான ஆள் இல்லை. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், முகத்துக்கு அது ஏறக்குறைய மைனஸ் 20 மாதிரி இருக்கும். கேதார்காந்தா உச்சி 3,800 மீட்டர், அடிவாரக் கிராமமான சாங்க்ரி 1,950 மீட்டர் அளவில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டாலே சாங்க்ரியைவிட மேலே 12 டிகிரி குறைவு. காற்றின் கணக்கு அதற்கு அப்புறம்.

காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்கத் தையலைப் பாருங்கள். திணிப்பு நகராமல் இருக்கக் குறுக்கே கோடு கோடாகத் தைத்திருப்பார்கள். அந்தக் கோட்டில் திணிப்பு இல்லை, ஊசித் துளை மட்டும்தான் இருக்கிறது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தையல் ஓடினால், உச்சியில் அத்தனை கோடும் விசிறியாகிவிடும். அறுபடாத நீள இழைத் திணிப்பு வைத்தவற்றில் தையல் கோடு குறைவாக இருக்கும். குட்டை இழை மிருதுவாக இருக்கும், நன்றாகச் சுருளும், ஆனால் அதற்குத் தையல் அதிகம் தேவை. கடையில் நான் செய்வது ஒரு சின்னச் சோதனை. வெளித்துணியை உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பேன். மறுபக்கம் கையில் காற்று படபடவென்று வந்தால், அதற்கு மேல் ரெயின்கோட் போடாமல் மலையில் நிற்க முடியாது. அப்புறம் ஒரு கைப்பிடி அளவு திணிப்பைப் பத்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுவேன், உடனே எழுந்து வர வேண்டும். இப்படி ஊதியும் பிசைந்தும் பார்க்கும்போது விற்பனைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்த்துவிட்டுப் போகட்டும்.

தொப்பி உள்ளதாகவே வாங்குங்கள். அம்மா கட்டாயப்படுத்தி வைத்துவிட்ட மங்கி கேப்புக்கு மேலே அது வந்து உட்கார வேண்டும். (மங்கி கேப்பைக் கேலி செய்யாதீர்கள், முதல் நாள் சிரித்தவர்கள் மூன்றாம் நாள் கடன் கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.) ஜிப்புக்குப் பின்னால் ஒரு துணிப் பட்டை இருக்கிறதா, கையுறை போட்ட கையால் ஜிப்பை இழுக்க முடிகிறதா, கீழ் ஓரத்தை இறுக்கக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். உள்பாக்கெட் ஒன்று அவசியம். குளிரில் போன் பேட்டரி கண்ணெதிரே இறங்கும், உடம்போடு ஒட்டி வைத்தால்தான் உச்சியில் உயிரோடு இருக்கும்.

அளவு விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஏசி கடையில் டி-ஷர்ட்டுக்கு மேல் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் அழகாக இருக்கிறது என்று வாங்கி வருகிறார்கள். மலையில் அதே ஜாக்கெட் தெர்மல், ஃப்ளீஸ் (அதற்கு மேல் போடும் மெத்தென்ற பாலியஸ்டர் மேல்சட்டை) இரண்டுக்கும் மேல் ஏற வேண்டும். ஏறினாலும் உள்ளிருந்து அமுக்கினால் உப்பல் போய்விடும். கடைக்குப் போகும்போதே ஃப்ளீஸைப் பையில் கொண்டுபோங்கள். வியர்க்கும், பரவாயில்லை. போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், இடுப்பு தெரியக் கூடாது. ரொம்பத் தொளதொளவென்றும் வேண்டாம், ஒவ்வொரு அசைவுக்கும் உள்ளே இருக்கும் சூடான காற்று கழுத்து வழியாக வெளியேறிவிடும்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் போகப் போகிறேன் என்கிறவர்கள் வாங்கவே வேண்டாம், சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அங்கேயும் பிசைந்து பார்த்து எடுங்கள்.

இனி அந்தத் தம்பியின் பதினெட்டாயிரத்துக்கு வருகிறேன். அது நல்ல டவுன் ஜாக்கெட், பொருளில் குறையே இல்லை. ஏற்றத்தில் நடக்கிற உடம்பு ஒரு சின்னக் கொதிகலன், அதற்குத் தெர்மலும் ஒரு மெல்லிய ஃப்ளீஸும் போதும், காற்றடித்தால் மேலே ரெயின்கோட். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடை. பத்து நிமிட நடையில் சரியாகிவிடும். தடித்த ஜாக்கெட் பையின் மேல் பகுதியில் இருக்கட்டும். நின்ற அடுத்த நொடி, குளிர் தெரிவதற்கு முன்பே, தண்ணீர் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே, அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே மாட்டுங்கள். மறுபடி நடக்கும்போது கழற்றி உள்ளே வையுங்கள். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை இந்த வேலை இருக்கும். சலிப்பாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் சீக்கிரம் சுருட்டித் திணிக்கவும், ஈரத் துணிக்கு மேலேயே பயப்படாமல் போடவும் முடிகிற சிந்தெடிக்கைச் சொல்கிறேன். உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கூட வருகிறவர்களையும் ஒரு கண் பாருங்கள். நடுங்குகிறவரைவிட, நடுங்கிக்கொண்டிருந்து திடீரென்று நின்றுபோனவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். பேச்சு குழறுகிறது, கால் இடறுகிறது, ஜிப்பைப் போட விரல் வரவில்லை, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்திருக்கலாம். அப்போது உச்சியை மறந்துவிட வேண்டியதுதான். ஈரத்தை மாற்றி, போர்த்தி, கூடவே ஆள் வைத்து மெதுவாக இறக்குவோம். அந்த நேரத்தில் யாராவது ரம் எடுத்து நீட்டினால் பிடுங்கி வைத்துவிடுவேன். குடித்ததும் தோலில் ரத்தம் பாய்ந்து சூடு மாதிரி தெரியும், உண்மையில் உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

நெருப்பு மூட்டினால் தள்ளி உட்காருங்கள். வெளித்துணி நைலானோ பாலியஸ்டரோதான், ஒரு பொறி பட்டால் உருகி ஓட்டை விழும். என் ஜாக்கெட்டில் நான்கு ஒட்டுகள் இருக்கின்றன.

திரும்பி வந்த பிறகு மிதமான திரவ சோப்பில், முன்பக்கம் திறக்கிற மெஷினில் துவைக்கலாம். கம்ஃபர்ட் மாதிரி வாசனை திரவம் ஊற்றாதீர்கள், மேலே தண்ணீர் ஒட்டாமல் ஓடுகிற பூச்சைக் கெடுத்துவிடும். இஸ்திரி கூடவே கூடாது.

என் முதல் ஜாக்கெட்டைத் துவைத்து, அதோடு வந்த சின்னப் பைக்குள்ளேயே திணித்துப் பரணில் போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து எடுத்தால் அப்பளம். இரண்டு நாள் வெயிலில் போட்டும், உதறியும், தட்டியும் பார்த்தேன், பாதிதான் எழுந்தது. சிந்தெடிக்கின் வியாதி இது, இழை அமுங்கியே கிடந்தால் பழகிப்போய் எழுந்திருக்க மறந்துவிடும். இப்போது இருப்பது வருடம் முழுக்க படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஹேங்கரில் தொங்குகிறது. கோயம்புத்தூர் மே மாத வெயிலில் இது என்னடா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்.