டைம் ட்ராவல் காதல் கதை எழுதறவங்களும் படிக்கறவங்களும் கொஞ்சம் உக்காருங்க, பேசணும்

"சிஸ், இந்த டைம் ட்ராவல் ஐடியா எல்லாம் உங்களுக்கு எங்கிருந்து வருது?"ன்னு கேக்காத வாசகிங்களே இல்ல. பண்ணவாடில இருந்து வருது. நெசமாத்தான் சொல்றேன். சேலத்துல இருந்து மேச்சேரி, கொளத்தூர் தாண்டிப் போனா மேட்டூர் அணையோட தண்ணி புடிப்புப் பகுதியில அந்தப் பரிசல்துறை இருக்கு. 1925ல ஆரம்பிச்சு 1934ல அணைய கட்டி முடிச்சப்போ தண்ணிக்குள்ள போன ஊருங்க எத்தனையோ, ஜனங்க சட்டி பானைய தூக்கிட்டு மேட்டுக்கு ஏறி வந்துட்டாங்க, கோயிலயும் சர்ச் கட்டடத்தையும் தூக்கிட்டு வர முடியுமா, அது அங்கயே நின்னு போச்சு. அணை நெறஞ்சா 120 அடி. தண்ணி நல்லா இறங்கிப் போற வருசத்துல அந்தக் கோயில் நந்தி தலைய வெளிய நீட்டும், சர்ச் கோபுரமும் தெரியும்.

அப்படி ஒரு வருசம் போயிருந்தேன். நந்தி கழுத்துல கைய வச்சுப் பாத்தா காஞ்ச சேறு பாளம் பாளமா உரிஞ்சு வருது, காது மடலுக்குள்ள சின்னச் சின்ன நத்தை ஓடு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கூட வந்த பரிசல்காரய்யா, "எங்க தாத்தன் வூடு அந்தா அந்தப் பக்கம் கண்ணு"ன்னு கைய காட்டினாரு. அவரு காட்டின இடத்துல வெறும் தண்ணி. எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு. அன்னிக்கு ராத்திரியே ஒரு பொண்ணு தண்ணி இறங்கின ஊருக்குள்ள நடந்து போறா, திரும்பிப் பாத்தா கரையக் காணோம்னு எழுத ஆரம்பிச்சதுதான் என்னோட மொத டைம் ட்ராவல் நாவல். அதுக்கு முன்னாடி எழுதினது எல்லாம் சாதாரண குடும்பக் கதைங்க.

எழுதற முறைன்னு கேட்டா, காலைல நாலரைக்கு எந்திரிச்சு, வீட்ல மத்தவங்க முழிக்கறதுக்குள்ள, கோடு போட்ட லாங் சைஸ் நோட்டுல எழுதுவேன், இடது பக்கம் இந்த வருசம், வலது பக்கம் அந்த வருசம். இவ இங்க போன்ல சார்ஜ் தேடற அதே நேரத்துல அங்க என்ன நடக்குதுன்னு பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு ஓடும். வலது பக்கம் எழுதறதுக்கு ரொம்ப மெனக்கெடணும். இதுல சின்னப் பசங்க நிறைய பேரு கோட்ட விடறாங்க. 1938ல ஹீரோ சேலம் கடைவீதியில சாராயக்கடையில உக்காந்து காதல் தோல்விய பாடறான்னு ஒரு கதை வந்துச்சு, ஆனா ராஜாஜி மந்திரிசபை 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்க மொதல்ல கொண்டாந்ததே நம்ம சேலம் ஜில்லாவுலதான். அவன் திருட்டுத்தனமாத்தான் குடிச்சாகணும், அப்படி எழுதியிருந்தா கதைக்கு இன்னும் நல்லா இருந்திருக்கும். பணம்னா அணா கணக்கு, ரூபாய்க்கு 16 அணா, 1957 ஏப்ரல் 1 வரைக்கும். பழைய லெட்டர் ஒண்ணு ஹீரோயின் கையில கெடைக்குதுன்னா, 1978க்கு முன்னாடி அச்சடிச்சதுலயும் எழுதினதுலயும் மலைங்கற வார்த்தையில ஐகாரம் யானை துதிக்கை மாதிரி எழுத்துக்கு மேல சுழிச்சுக்கிட்டு இருக்கும், அத ஒண்ண காட்டினாலே போதும், தேதிய எழுதவே வேண்டாம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது கடிகார விஷயம். ரெண்டாவது உலக யுத்தத்துல 1942 செப்டம்பர்ல இருந்து 1945 அக்டோபர் வரைக்கும் நம்ம நாட்டுல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, இங்கிருந்து போனவ தன்னோட வாட்ச்ச பாத்துட்டு அஞ்சு மணிக்கு வந்து நிக்கறா, அந்த ஊருக்கு அது ஆறு மணி, அவன் ஒரு மணி நேரம் காத்திருந்துட்டு கெளம்பிட்டான். நான் கண்டுபிடிச்ச ட்விஸ்ட் இல்ல இது, அந்தக் காலமே குடுத்தது.

இப்ப நான் பேச வந்த விஷயத்துக்கு வரேன். இத்தனை சரி பாக்கறோம், அந்தப் பொண்ணோட வயசையும் சம்மதத்தையும் யாரு சரி பாக்கறது?

நம்ம புராணத்துலயே டைம் ட்ராவல் கல்யாணம் ஒண்ணு இருக்கு. ககுத்மி ராஜா தன்னோட பொண்ணு ரேவதிக்கு மாப்பிள்ளை யாருன்னு கேக்க பிரம்மலோகம் போறாரு, அங்க பாட்டு நடக்குது, முடியட்டும்னு கொஞ்ச நேரம் நிக்கறாரு, அதுக்குள்ள பூமியில 27 சதுர்யுகம் போயிடுது. நெனச்சு வச்ச மாப்பிள்ளைங்க, அவங்க பேரன் பேத்தி, ஒருத்தரும் இல்ல. பலராமனுக்குக் கட்டி வைன்னு பிரம்மா சொல்றாரு. பழைய யுகத்துப் பொண்ணுங்கறதால அவ ரொம்ப ஒசரமா இருந்தா, பலராமன் கலப்பையால அழுத்தி தன்னோட ஒசரத்துக்குக் கொறச்சாருன்னு விஷ்ணு புராணத்துல வருது. சின்ன வயசுல இதக் கேட்டப்போ அதிசயமா இருந்துச்சு. எழுத வந்த பின்னாடி படிச்சா ரேவதி என்ன நெனச்சாங்கறது மட்டும் எங்கயுமே இல்ல. தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லாத காலத்துல இறங்கி நிக்கறா, கூடப் பொறந்த ஒசரத்தையும் விட்டுக் குடுக்கறா, அவள ஒரு வார்த்தை கேக்கல.

எங்க ஆயாவையும் கேக்கல. இப்ப 90 ஆகுது, ஓமலூர் பக்கம். 1948ல கல்யாணம், அப்ப ஆயாவுக்கு 13. நாவலுக்காகத்தான் போய் உக்காந்தேன், "ஆயா, தாத்தாவ மொதமொத பாத்தப்ப புடிச்சிருந்துச்சா?"ன்னு கேட்டேன். வெத்தலைய கீழ வச்சுட்டு, "புடிச்சிருக்கான்னு யாரு கண்ணு கேட்டா? பாவாடைய சொருவிக்கிட்டு பாண்டி ஆடிட்டிருந்தேன், கைய புடிச்சு கூட்டியாந்து தலை வாரி மணையில உக்கார வச்சாங்க, நான் சில்ல மடியிலயே முடிஞ்சு வச்சிருந்தேன், தாலி கட்டினப்பறம் போயி ஆடலாம்னு"ன்னு சொல்லுச்சு. குழந்தைக் கல்யாணத்தத் தடுக்கற சாரதா சட்டம் 1930லயே வந்தாச்சு, அதும்படி பொண்ணுக்கு 14 ஆகணும், ஆனா மீறினா தண்டனைதானே தவிர நடந்த கல்யாணம் செல்லும், எங்க ஊர்ல யாரு போயி கேஸ் குடுத்தா. 18 வயசுங்கறது 1978லதான் வந்துச்சு. அந்தக் காலத்துக் காதல்ல தனி அழகு இருக்குன்னு எழுதறோமே, அந்தக் காலத்துல பாதிப் பொண்ணுங்க மடியில சில்லோட இருந்தாங்க.

இதெல்லாம் தெரிஞ்சும் நானே ஒரு தப்பு பண்ணினேன். ரெண்டாவது நாவல், ஏற்காடு எஸ்டேட்ல நடக்குது. காக்பர்ன் துரை 1820கள்ல காப்பிச் செடிய கொண்டாந்த மலை, பனி மூடினா பத்தடியில ஆள் தெரியாது, டைம் ட்ராவலுக்கு அத விட நல்ல எடம் ஏது. இன்னிக்குக் காலத்துப் பொண்ணு 1938க்குள்ள போயி மாட்டிக்கறா, எஸ்டேட்காரன் ஆன்டி ஹீரோ, 23வது எபியில, அதாவது எபிசோடுல, அவ வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல தாலியக் கட்டிடறான். அந்தக் காலத்து ஆம்பளை அப்படித்தான் இருப்பான்னு ஒரு சமாதானம் எனக்கே சொல்லிக்கிட்டேன். அதுக்குத்தான் இருக்கறதுலயே அதிக லைக். அடுத்த யூடி, அதாவது அப்டேட், எப்போன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மெசேஜ்.

அதுல ஒரு மெசேஜ். "சிஸ், நான் ப்ளஸ் டூ படிக்கறேன். வீட்ல மாமா பையனுக்குப் பேசி முடிச்சிட்டாங்க. பயமா இருந்துச்சு. உங்க கதை படிச்சப்பறம் கொஞ்சம் பயம் போச்சு. அவரும் உங்க ஹீரோ மாதிரி போகப் போக மாறிடுவாருல்ல?"

அன்னிக்கு என்னால ஒரு வரி எழுத முடியல. வயசக் கேட்டேன், 17. மொதல்ல மன்னிப்பு கேட்டேன், கதையில அவன மாத்தினது நான், நெசத்துல அப்படி யாரும் மாத்தித் தர மாட்டாங்கன்னு சொன்னேன். 18க்கு முன்னாடி கட்டி வைக்கறது 2006 குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டப்படி குத்தம், குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் பண்ணா காசு கெடையாது, ராத்திரி பகல் எப்ப வேணா பேசலாம், ஒருவேளை நடந்தே போயிருந்தாலும் மேஜர் ஆனதுல இருந்து 2 வருசத்துக்குள்ள அந்தக் கல்யாணத்த ரத்து பண்ணச் சொல்லி கோர்ட்ல கேக்கலாம்னு எல்லாத்தையும் எழுதி அனுப்பினேன். அவ கிளாஸ் டீச்சர்கிட்ட பேசினா, கல்யாணப் பேச்சு நின்னுச்சு. அதுக்கு மேல அவளப் பத்தி இங்க எழுதறது சரியில்ல.

எழுதற தங்கச்சிங்களுக்கு சொல்றேன், பழைய காலத்துல நடந்த கொடுமைய எழுதவே கூடாதுன்னு இல்ல, எழுதணும், மறைச்சாத்தான் பொய். ஆனா அடிய அடின்னு எழுதுங்க, அதுக்கு ரொமான்ஸ் பிஜிஎம் போடாதீங்க. நான் இப்ப நோட்ட தொறந்ததும் மொத வரியா ரெண்டு பேரோட வயசையும் எழுதறேன். அடுத்தது, அவ திரும்பி வர்றதுக்கு வழி இருக்கணும், வழிய அடைச்சுட்டு அவன விட்டா வேற கதி இல்லன்னு ஆக்கிட்டு அதக் காதல்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். போக வழி இருந்தும் இருக்கறா பாருங்க, அதுதானே நமக்கு வேணும். இன்னொண்ணு, இது டைம் ட்ராவலுக்கு மட்டுமே உள்ள சிக்கல், அவளுக்கு அவன் சாகப் போற தேதிகூட தெரிஞ்சிருக்கும், அவனுக்கு அவ பேரு மட்டும்தான் தெரியும். இப்படி ஒருத்தர் மட்டும் எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு பழகறதும் ஏமாத்தறதுதான். அதனால என் கதையில கைய புடிக்கறதுக்கு முன்னாடி, தான் எந்த வருசத்துல இருந்து வந்தோம்னு சொல்லிடுவா, அவன் நம்பறானோ இல்லையோ.

அந்த 23வது எபிய எடுத்துட்டு வேற எழுதிப் போட்டேன். மார்ச் மாசம், மழை பேஞ்சு பத்தாவது நாளு, எஸ்டேட் முழுக்க வெள்ளையா காப்பிப் பூ, மல்லி வாசம், அது ரெண்டு மூணு நாளுதான் நிக்கும். அவன் கேக்கறான். அவ வேணாங்கறா. லாந்தர தூக்கிக்கிட்டு, அவ வந்த பனி வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு வரான். ஹீரோவ ஏன் ரைட்டர் இப்படி வீக் ஆக்கிட்டீங்கன்னு எத்தனையோ கமெண்ட், கொஞ்ச பேரு படிக்கறதயே விட்டுட்டாங்க, பரவால்ல.

ஆயாவுக்குக் கண்ணு சரியா தெரியாது, நான்தான் படிச்சுக் காட்டினேன். "உனக்கு இஷ்டமா"ன்னு அவன் கேக்கற எடம் வந்ததும் கையக் காட்டி நிறுத்தச் சொல்லுச்சு. "அதைய இன்னொருக்கா படி கண்ணு"ன்னு சொல்லுச்சு.