தனித்த ஒழுங்கற்ற குறும்பேரடை

விண்மீன்களும் வாயுவும் ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் பெருந்தொகுதியே பேரடை, ஆங்கிலத்தில் ‘காலக்ஸி’. அதில் ஒரு வகையான ‘ஐசோலேட்டட் டுவார்ஃப் இர்ரெகுலர் காலக்ஸி’ என்பதைச் சிலர் ‘தனிமைப்படுத்தப்பட்ட’ என்று தொடங்கி மொழிபெயர்க்கிறார்கள். படித்ததும் கொரோனா முகாம்தான் நினைவுக்கு வருகிறது. தனிமைப்படுத்தியது யார்? யாருமில்லை. ‘தனித்த’ போதும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் ஊருக்குள் குடியிராமல் தோட்டத்துச் சாளையிலேயே, அதாவது தோட்டத்து வீட்டிலேயே, வாழும் குடும்பங்கள் உண்டு. நோம்பிக்கு (திருவிழாவுக்கு) ஊருக்கு வருவார்கள், ஊர்க்கணக்கிலும் சேர்த்திதான். அந்தத் தனிமைதான் இங்கே பொருள். சுமார் 30 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் டபிள்யூ.எல்.எம். என்னும் பேரடை, நம் பேரடையான பால்வெளியும் ஆண்ட்ரோமெடாப் பேரடையும் அடங்கிய ‘உள்ளூர்க் குழு’ என்னும் பேரடைக் கூட்டத்தின் உறுப்பினர். ஆனால் அதன் விளிம்பில், பெரிய பேரடை எதுவும் அருகில் இல்லாமல் கிடக்கிறது. 1909இல் வானியலாளர் மாக்ஸ் வுல்ஃப் அதைக் கண்டார். 1926இல் லுண்ட்மார்க்கும் மெலோட்டும் அது பேரடை என்று அறிந்தனர். மூவரின் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளே (W, L, M) அதன் பெயர்.

தனித்திருப்பதால் அதற்கு என்ன லாபம்? பெரிய பேரடையை ஒட்டிச் சுற்றும் குறும்பேரடைகள் பெரும்பாலும் வாயுவைப் பறிகொடுத்து, புது விண்மீன் பிறப்பின்றி ஓய்ந்துவிடுகின்றன. தனித்தவை ஹைட்ரஜனைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் மெதுவாக விண்மீன்களை உருவாக்குகின்றன. ஆனால் ஈர்ப்பு குறைவு. விண்மீன்கள் வெடித்துச் சிதறும்போது கன தனிமங்களில், அதாவது ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த மற்றவற்றில், பெரும்பங்கு வெளியேறிவிடும். டபிள்யூ.எல்.எம்.மில் ஆக்சிஜன் விகிதம் சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். பழைய பேரண்டத்திலும் கன தனிமங்கள் குறைவு. அந்த வேதியியலை அருகிலேயே பார்க்க வானியலாளர்கள் இதைத் தேடுவது அதனால்தான்.

‘ஒழுங்கற்ற’ என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. சுருள் கரங்களோ நீள்வட்ட வடிவோ இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். டபிள்யூ.எல்.எம்.மின் வாயுவோ விநாடிக்கு ஏறத்தாழ 40 கி.மீ. வேகம்வரை ஒழுங்காகவே சுழல்கிறது. வழக்கில் நிலைத்துவிட்ட சொல் என்பதால் விட்டுவிடுகிறேன். ‘டுவார்ஃப்’ என்பதற்குக் ‘குள்ள’ வேண்டாம், ‘குறு’ இருக்கிறதே.

‘காலக்ஸி’யின் வேர் பாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆனாலும் தமிழில் ‘பால்வெளி’ நம் பேரடைக்கு மட்டுமே உரியது, பொதுப்பெயர் ‘பேரடை’.

கார்த்திகைத் தொடக்கத்தில் இரவு எட்டு மணிக்கு டபிள்யூ.எல்.எம். இருக்கும் திசை கொங்கு நாட்டின் தென்வானில் நல்ல உயரத்தில் நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பெரிய தொலைநோக்கி வேண்டும், மழை மேகமும் விலக வேண்டும்.