உறை ஏன் காலைத் தட்டுகிறது?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சரித்திர நாடகம் போட்டால், ராஜா வேடக்காரர் வசனத்தைவிட வாளுக்குத்தான் அதிகம் பயப்படுவார். இடுப்பு வாரில் ஒரே இடத்தில் தொங்கும் உறை, நாலு எட்டு வைப்பதற்குள் கெண்டைக்காலைத் தட்டும். சட்டென்று திரும்பினால் இரு கால்களுக்கும் நடுவே புகும். இதற்குக் கனம் காரணமில்லை. ஒருகை வாள்கள் பெரும்பாலும் 1 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். தொங்கவிட்ட விதத்தில்தான் கோளாறு.

ஒரு முனையில் தொங்கும் 1 மீட்டர் கம்பு ஒருமுறை ஆடித் திரும்ப ஏறக்குறைய 1.6 வினாடி எடுக்கும். நாம் வலமும் இடமுமாக இரண்டு எட்டு வைக்க 1 வினாடிக்குச் சற்றுக் கூடுதலே போதும். இடுப்பு அவசரப்படுத்துகிறது, உறையோ தன் வேகத்தில்தான் ஆடும். இப்படித் தாளம் தப்பினால், இடுப்பு ஒரு பக்கம் போக உறை எதிர்ப்பக்கம் வரும். காலில் மோதாமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து இரண்டாவது வார். 19ஆம் நூற்றாண்டுக் குதிரைப்படை வாளுறைகளில் இரண்டு வளையங்களைப் பார்க்கலாம். உறையோடு வாளை ஒற்றை விரலில் கிடத்திப் பாருங்கள்; எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம்தான் எடைமையம். அதற்கு மேலே ஒரு வளையம், கீழே ஒன்று. மேல் வளையத்தைப் பிடிக்கும் முன் வார் குட்டை, கீழ் வளையத்தைப் பிடிக்கும் பின் வார் நீளம். இப்போது சாய்வை வார்களின் நீளமே முடிவு செய்கிறது: பிடி முன்னே, நுனி பின்னே, கால் தப்பியது. பின்னால் வருபவரின் முழங்காலுக்கு நான் பொறுப்பில்லை!

முதுகில் கட்டுவது சினிமாவுக்குச் சரி. நீளமான வாளை முழுதாக உருவுவதற்குள் கை எட்டும் தூரம் தீர்ந்துவிடும். இடுப்பில் இருந்தால் ஒரு கை பிடியை இழுக்க, மறு கை உறையைப் பின்னுக்குத் தள்ளலாம்.

மலாய்க்காரர்களின் குத்துவாளான கெரிஸ் தொங்குவதே இல்லை. மாப்பிள்ளை இடுப்பில் சுற்றிய 'சம்பிங்' துணியின் மடிப்பில் செருகிவிடுவார்கள். துணியின் உராய்வும் இறுக்கமும் பிடித்துக்கொள்ளும். உறையின் தலைப்பில் படகு மாதிரி அகன்ற மரத்துண்டு ஒன்று இருக்கும். 'சம்பிர்' என்பார்கள். அழகுக்கு மட்டுமல்ல, துணியின் விளிம்பில் தடுத்து நின்று உறை கீழே நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. அலகு குட்டையாக இருப்பதால் இந்த ஏற்பாடு செல்லுபடியாகிறது. முழுநீள வாளை இப்படிச் செருகினால் உட்காரும்போது நுனி தரையில் இடித்து, பிடி விலாவில் குத்தும்.